கிணற்றின் மேல் தேவதாரு

"இத்த எங்க டீச்சர் போடறது?" என்று காசி ஆசாரி கேட்டார்.

"கிணத்து மேல."

அவர் லாரியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சித்திரை மாதத்து மத்தியானம் இரண்டு மணி. சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த லாரி செங்கம் ரோட்டில் நிற்க இடமில்லாமல் எங்கள் சந்துக்குள் பின்பக்கமாக நுழைந்து, ராணியம்மாள் வீட்டுக் கூரையில் ஒரு பிடி ஓலையைப் பிய்த்துக்கொண்டு நின்றிருந்தது. பிளாஸ்டிக் தாள் சுற்றிய பலகைக் கட்டுகள் பதினான்கு. ஒரு கட்டைப் பிரித்ததும் பென்சில் சீவிய வாசனை எழுந்தது. முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவள் நான். வாசனை நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மூடி போடறீங்களா? அதுக்கு நாலு பலகை போதுமே."

"மூடி இல்ல, தளம். அதுல உக்காந்து மலையப் பாக்கணுமாம்."

"தரையில உக்காந்தா மலை தெரியாதா?"

"என் தம்பியக் கேளுங்க."

என் தம்பி சுதீர் பதினெட்டு வருஷமாக சியாட்டிலில் இருக்கிறான். வருஷத்தில் எட்டு மாதம் தூறிக்கொண்டே இருக்கும் ஊராம் அது. அங்கே அவன் வீட்டுக்குப் பின்னால் தேவதாரு மரத்தில் ஒரு தளம் உண்டு. டெக் என்று அதற்குப் பெயர். மழை விட்ட நேரத்தில் அதில் நாற்காலி போட்டுக் காபி குடிப்பார்கள். போட்டோ அனுப்பியிருந்தான். எங்கள் அப்பா விட்டுப்போன மனையில் 2003-இல் அவன் புது வீடு கட்டினான். கூடவே டெக்கும் வேண்டும் என்றான். இங்கே மூன்றாவது வருஷமாக மழை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேனே.

ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளும் வெள்ளைக்காரர்களுக்கான காபிக் கடைகளும் பெருகிய பிறகு எங்கள் மனையைச் சுற்றி மூன்று மாடி, நான்கு மாடி என்று லாட்ஜுகள் எழுந்துவிட்டன. புது வீட்டின் எந்த ஜன்னலைத் திறந்தாலும் யாரோ ஒருவருடைய துவைத்த துண்டு. கிணற்றடியில் நின்றால் மட்டும் இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் மலை அடியிலிருந்து உச்சி வரை தெரியும். சின்ன வயதில் தண்ணீர் இழுத்துக்கொண்டே அவன் பார்த்த மலை. அதனால் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு, அந்த இடத்தில்தான் தளம் வேண்டும் என்று வரைபடம் போட்டு அனுப்பியிருந்தான். கிணற்றின் வாய் இருந்த இடத்தில், மோட்டாரைப் பார்ப்பதற்காக ஓரடிச் சதுரத்தில் ஒரு கதவு. பக்கத்தில் ஆங்கிலத்தில் 'பூட்டு' என்று எழுதியிருந்தது.

அந்தக் கிணற்றை அப்பா வெட்டியபோது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. ஜினதாசன் நயினார் கிணறு என்றால் அடி அண்ணாமலை வரைக்கும் தெரியும். பிறகு பின்பக்கம் சந்து வந்தது, ஒன்பது வீடுகள் வந்தன. நகராட்சிக் குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறை நூல் மாதிரி தண்ணீர் வரும். மற்றபடி ஒன்பது வீடும் எங்கள் கிணறுதான். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இழுக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். வடிகட்டிய துணியைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை ஒரு சொம்பில் கயிறு கட்டி, அதே கிணற்றுக்குள் மெதுவாக இறக்கிக் கவிழ்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எந்தத் தண்ணீரிலிருந்து வந்தனவோ அதற்கே திரும்பிப் போக வேண்டும். இது எங்கள் சமண வீடுகளின் வழக்கம். சந்துக்காரர்களுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் செய்தார்கள். ராணியம்மாள் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவந்து, அதைக் கழுவுவதற்கு இழுக்கிற தண்ணீரையும் வடிகட்டுவாள். "ஏம்மா, இதுக்குமா?" என்று கேட்டால், "பழகிப்போச்சி டீச்சர், கையி சும்மா இருக்க மாட்டேங்குது" என்பாள்.

மனை சுதீர் பெயரில் இருக்கிறது. அப்பா அப்படித்தான் எழுதிவைத்தார். கல்யாணம் ஆகாத மகளுக்கு எதற்கு மனை என்று நினைத்திருப்பார். அல்லது நினைக்கவே இல்லாமல் இருந்திருப்பார். அதே மனையின் மூலையில் இரண்டு அறை ஓட்டு வீட்டில் நான் இருக்கிறேன். "இருக்கற வரைக்கும் நீங்க இருங்கக்கா" என்று சுதீர் சொல்லியிருக்கிறான். அன்பாகத்தான் சொன்னான். அதன் பிறகு எதற்கும் அவனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராத ஒவ்வொரு முறையும் நாக்கில் கசப்பு ஊறும். தளத்துக்கும் சரி என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

பலகைகளைப் பிரித்து அடுக்கிய மூன்றாம் நாள் கத்திரி வெயில் தொடங்கியது. மத்தியானத்தில் வீட்டுக்குள் படுத்திருந்தால் வெளியே பட், பட் என்று சத்தம் கேட்கும். பலகைகளின் முனைகள் வெடிக்கிற சத்தம். காசி ஆசாரி முனைகளில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினார். அதைச் சொன்னதும் போனில் சுதீர் பதறினான். "சாணியா? அக்கா, அது எவ்ளோ நல்ல மரம் தெரியுமா? சடனா காயக் கூடாது, அவ்ளோதான். கொஞ்சம் ஈரப்பதமா வெச்சுக்கச் சொல்லுங்க."

அந்த வாரம் ஆசாரி போளூரில் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஈரப்பதம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டுத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டபோது இருபத்தொரு நாள் ஈரச் சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டவள் நான். மேஸ்திரியே பாராட்டினார். சாணியை வழித்துத் துடைத்தேன். பலகைகளை வெயிலில் வரிசையாகப் பரப்பி, மேலே சாக்கு விரித்து, மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பால் நனைத்தேன். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. சாக்கிலிருந்து ஆவி கிளம்பும். காய்ந்த மண் வழிகிற தண்ணீரை உறிஞ்சும்போது ஒரு சத்தம் வரும், நாய் நக்கிக் குடிப்பதுபோல.

சந்துப் பெண்கள் கயிறும் குடமுமாக வந்து, கிணற்றடியில் நின்று அதைப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரை அப்போது இன்னும் இடிக்கவில்லை. நான்காம் நாள் ராணியம்மாள் தன் கயிற்றின் நுனியில் இன்னொரு கயிற்றை முடிந்துகொண்டே கேட்டாள்.

"மரத்துக்கு அவ்ளோ தாகமா டீச்சர்?"

"இது ஒரு வாரம்தான்."

"எங்களுக்கும் ஒரு வாரமாத்தான் துணி தோய்க்கல. நாங்களும் ஒரு சாக்கப் போத்திக்கினு படுத்துக்கறோம், ரெண்டு சொட்டு எங்க மேலயும் அடிங்க."

பொன்னி என்கிற சின்னப் பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "வந்த வேலையப் பாத்துட்டுப் போங்க" என்றேன். வகுப்பில் பேசுகிற குரல். குரல் என் காதில் விழுந்ததும் பைப்பைக் கீழே போட்டுவிடலாம் என்று இருந்தது. போடவில்லை. ஏழு நாளும் நனைத்தேன். கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது.

ஆசாரி கல்யாணத்திலிருந்து வந்து ஒரு சாக்கைத் தூக்கினார். பலகை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரங்கள் தூக்கிக்கொண்டு கிடந்தது. இன்னொரு சாக்கைத் தூக்கினார். அதுவும் அப்படித்தான்.

"யார் டீச்சர் இப்டிப் பண்ணச் சொன்னது?"

"ஈரமா வைக்கச் சொன்னான்."

"ஈரமா வெக்கறதுன்னா நெழல்ல வெக்கறது. நீங்க மரத்துக்கு சிமிட்டி வைத்தியம் பண்ணியிருக்கீங்க." கோபப்படவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெருப்பு. அது பாவம் எந்தப் பக்கம்னு திரும்பும்?"

புது வீட்டின் வராந்தாவில் பலகைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சிகளை வைத்து அடுக்கி, மேலே கருங்கல் ஏற்றி மூன்று வாரம் அப்படியே விட்டார். முக்கால்வாசி நேராயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை சுதீரிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கலாம், ஆனால் பலகை குறைகிறதே. அவன் திட்டவில்லை, சிரித்தான். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத் தன் மனைவி சந்தனாவிடம் சொல்வது கேட்டது. அவளும் சிரித்தாள். பிறகு, "பரவால்லக்கா, உங்களுக்கு எப்டித் தெரியும்" என்றான். அவன் திட்டியிருக்கலாம். ஒரு ஊருக்கே ஒரு வாரம் போதுமான தண்ணீரை வெயிலில் கொட்டிவிட்டு, அதற்குக் கிடைத்தது ஒரு சிரிப்புதான். அவன் கேட்டதும் பலகையைப் பற்றித்தான். தண்ணீரைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கைப்பிடிச் சுவரை இடித்த அன்று சந்தில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. வந்து நின்றார்கள். யாரும் கேள்வி கேட்காதது பயமாக இருந்தது. ஆசாரி கிணற்றின் குறுக்கே சட்டங்களைப் போட்டுவிட்டு, கதவின் அளவைக் கேட்டார்.

"ரெண்டரை அடிக்கு ரெண்டரை அடி" என்றேன்.

"படத்துல ஓரடிதான் இருக்குது."

"வடிகட்டுன தண்ணிய நான் திரும்ப விடணுமில்ல? ஓரடியில சொம்பு இடிக்கும். எங்க வழக்கம், விட முடியாது. பூட்டும் வேணாம்."

சொம்புக்கு அரை அடி போதும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண்களுக்காக என்று சொல்லத் தைரியம் இல்லாமல், அப்பாவின் தர்மத்தை முன்னால் நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சொம்பு பெருசு போல" என்றார். இரண்டரை அடி அறுத்தார்.

ஆனி பிறந்தபோது தளம் முடிந்தது. பலகைக்குப் பலகை சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி, சீமையிலிருந்து பலகையோடு வந்த, தலையில் சதுரக் குழி உள்ள திருகாணி, மேலே மூன்று முறை எண்ணெய். தேன் நிறத்தில் மின்னியது. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை அதில் யாரும் கால் வைக்க முடியாது. பொன்னி ஒருநாள் பதினோரு மணிக்கு வந்து, இரண்டு எட்டு வைத்துவிட்டு, குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அதனால் எல்லோரும் விடியும்போதே வந்து, கதவைத் தூக்கிவிட்டு, முழங்கால் போட்டு, கையாலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். ராட்டினம் மாட்ட இடமில்லை. முழங்காலில் மரத்தின் வரி பதிந்திருக்கும். யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்காவது போய் ஒளிந்துகொண்டிருப்பேன்.

சுதீரும் சந்தனாவும் இரண்டு பிள்ளைகளும் மூன்று வாரத்துக்கு வந்தார்கள். வந்த அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் மேல் ஏறினான். நின்று மலையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. அவனை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். "அப்பா இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாருக்கா" என்றான். அப்பா கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தேன், தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு, அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தளத்தின் நடுவில் பாய் விரித்து, கால்மேல் கால் மடக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். சரியாக அந்தக் கதவின் மேல். மலை அங்கேயிருந்துதான் நடுவாகத் தெரியும். தளத்தின் கீழே பெண்கள் ஏழு பேர், குடம், பக்கெட், தோளில் கயிற்றுச் சுருள். கொலுசுச் சத்தம்கூட வராமல் நின்றார்கள். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. ராணியம்மாள் காலை மாற்றி மாற்றி நின்றாள்; அவளுக்கு முழங்கால் வலி. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டியவர்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள். ஒருத்தியும் இருமவில்லை.

நான் வெளியே போனேன். "ஏன் நிக்கறீங்க, கூப்பிட வேண்டியதுதான?" என்று ராணியம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஐயா சாமி கும்பிட்டுக்கினு இருக்காரு டீச்சர். இருக்கட்டும்."

அவன் கதவின் மேல் உட்கார்ந்திருந்ததைவிட அவள் சொன்ன அந்த 'இருக்கட்டும்' தான் எனக்குத் தாங்கவில்லை. "சுதீர், எழுந்திரு" என்றேன். "ரெண்டு நிமிஷம்க்கா" என்றான், கண்ணைத் திறக்காமல். "எழுந்திருடா. நீ கதவு மேல உக்காந்திருக்க."

கண்ணைத் திறந்தான். குடங்களைப் பார்த்தான். கதவின் அளவைக் கையால் அளந்து பார்த்தான். என்னை ஒருமுறை பார்த்தான். புரிந்துவிட்டது. அவன் கத்துவான், நானும் கத்தலாம் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவன் புன்னகையோடு எழுந்து, பெண்களைப் பார்த்துக் கை குவித்தான்.

"அடடா, இவ்ளோ நேரமா நிக்கறீங்களா? எதுக்கும்மா கயிறு போட்டுக் கஷ்டப்படறீங்க? பின்னாடி சுவத்துல ஒரு குழாய் வெச்சுத் தரேன். காலையில முக்கா மணி நேரம் மோட்டார் ஓடட்டும். வேணுங்கறத புடிச்சுக்கோங்க."

பெண்களின் முகம் மலர்ந்துவிட்டது. "மகராசனா இருப்பா" என்றாள் ஒருத்தி. ராணியம்மாள் தன் உள்ளங்கையை அவனிடம் நீட்டிக் காட்டினாள். "பாரு தம்பி, கயிறு இழுத்து இழுத்து இன்னா மாதிரி காய்ச்சிப்போய் கெடக்குது." பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பிக்குத் தோணுது பாரு டீச்சர், இத்தினி நாளா நமக்குத் தோணல."

இரண்டு மாதமாக இவர்களுக்காக மனதுக்குள் கொதித்து, பொய் சொல்லி, இரண்டரை அடி அறுத்து வைத்திருந்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு குழாய். எனக்கு என் மேலேயே அருவருப்பாகிவிட்டது. அன்றைக்கே குழாய் வந்தது. மறுநாள் காலையில் பின்பக்கம் ஒரே சிரிப்பும் பேச்சும். துணி கட்டி வடிகட்டினார்கள்தான், ஆனால் அலசிய தண்ணீரைச் சிமெண்டில் உதறினார்கள். திரும்ப விடுவதற்குக் கிணறு எங்கே இருக்கிறது? முன்பக்கம் சுற்றிவந்து, ஐயா தியானம் செய்கிற தளத்தில் ஏறவா முடியும்? நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனால் சந்தனா பாயை ஒதுக்கிக்கொள்வாள். "சாரி அண்ணி, வாங்க வாங்க" என்பாள். அவளும் வடிகட்டித்தான் குடிப்பாள். அலசிய தண்ணீரை அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தேன்.

கயிற்றில் இழுக்கிற தண்ணீருக்கு ஒரு கணக்கு இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு பெண் இழுத்துவிட்டு அடுத்தவள் கயிற்றை இறக்குவதற்குள் ஊற்று அதைச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மோட்டார் அந்த மூச்சுவிடுகிற நேரத்தைக் கொடுக்கவில்லை. முக்கால் மணி ஒரு மணியாயிற்று. ஒன்பது வீட்டில் ஒன்பது டிரம் வந்தது. புது வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. பதினோராம் நாள் காலை குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை.

சுதீர் தண்ணீர் லாரிக்குச் சொன்னான். லாரி வந்து அவன் வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிற்று. சந்தில் இருந்தவர்கள் வேங்கிக்கால் பக்கம் கைப்பம்புக்கு நடந்தார்கள். "தூர் வாரணும்டா" என்றேன். "ஆறு அடிக்குச் சேறு இருக்கும். வாரினா ஊத்து திறக்கும். அப்பா மூணு தடவை வாரியிருக்காரு."

"அதுக்கு டெக்கப் பிரிக்கணுமில்ல."

"ஆமா."

"ஆசையா போட்டது. நான் அடுத்த வருஷம் வரேன், அப்ப பாத்துக்கலாம். போர் போட்டுடலாம்." பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "அக்கா, பலகைய மட்டும் யாரும் தொடக் கூடாது. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். உங்களால பாத்துக்க முடியலன்னா சொல்லிடுங்க, வேற யாரையாவது வீட்டோட வெச்சுடறேன். நீங்களும் எத்தனை நாளுதான் கஷ்டப்படுவீங்க?"

வேற யாராவது என்றால் அவர்கள் தங்க இடம் வேண்டும். மனையில் இருக்கிற இன்னொரு வீடு என் ஓட்டு வீடுதான். அவன் அதைச் சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. காரில் ஏறும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் ஆசீர்வாதமும் செய்தேன்.

அவர்கள் போன நான்காம் நாள் ராணியம்மாள் பழைய கயிற்றோடு வந்தாள். கேட்காமலே தளத்தில் ஏறிக் கதவைத் தூக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கீழே பக்கெட் தொப்பென்று விழுந்த சத்தம், மாட்டுச் சாணி விழுவதுபோல. இழுத்தபோது பாதி பக்கெட் கறுப்புச் சேறு. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"கொழாயி வந்ததும் கயித்த மறந்துட்டோம் டீச்சர்" என்றாள். "நம்ம பங்கும் இதுல இருக்குது."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் ஒரு வருஷம் சும்மா இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லியனுப்பி, மறுநாள் காசி ஆசாரியும் தூர் வாருகிற சுப்பனும் வந்தார்கள். சுப்பன் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இதுல ஆளு எறங்கலாம். சேத்துக்கூடை ஏறாது. மேல காத்தும் வெளிச்சமும் வேணும். இத்தினி பலகையும் எடுத்தாத்தான் ஆவும்." ஆசாரி சட்டைப் பையிலிருந்து சதுர முனைத் திருப்புளியை எடுத்தார். எடுத்தவர் குனியவில்லை. அதைப் பலகையின் மேல் என் கால் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"என்ன ஆசாரி?"

"என் கையால பூட்டுனத நானே மொதல்ல பிரிக்கறதில்ல டீச்சர். எங்க அப்பன் காலத்துலேர்ந்து வழக்கம். வூட்டுக்காரங்க மொதத் திருகாணி கழட்டணும். அப்பறம் நான் எடுத்துக்கறேன்."

"வீட்டுக்காரன் சியாட்டில்ல இருக்கான்."

"அப்ப நீங்க சொல்லுங்க, யாருன்னு."

அவர் வழக்கம் என்று சொன்னது உண்மையோ, என்னுடைய சொம்பு மாதிரியோ, தெரியாது. நான் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. சந்துப் பெண்கள் கூடைகளோடு வந்து நின்றிருந்தார்கள். காலை எட்டு மணிக்கே பலகை சுட ஆரம்பித்திருந்தது. தேன் நிறம் போய்விட்டது. ஒரே மாதத்தில் வெயில் அதைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. நான் உட்கார்ந்தேன். திருப்புளியின் முனை சதுரக் குழியில் பொருந்தியது. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் முதலில் இறுக்கினேன். "இடது பக்கம், டீச்சர்" என்றாள் பொன்னி. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். மணிக்கட்டு வலித்தது. கடைசியில் அது கீச்சென்று நகர்ந்தது.

பிறகு ஆசாரிக்கு அரை மணி கூட ஆகவில்லை. கிணற்றின் வாய்க்கு மேலே இருந்த பலகைகள் எல்லாம் எழுந்துவிட்டன. சுப்பன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். கீழேயிருந்து மண்வெட்டி சேற்றில் இறங்குகிற சத்தம் வந்தது. முதல் கூடை மேலே வந்ததும், வைப்பதற்கு வேறு இடமில்லாமல், ஓரத்தில் மீதி இருந்த பலகைகளின் மேலேயே அதைக் கவிழ்த்தார்கள். கறுப்புக் கூழ். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. பெண்கள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்னால் போனார்கள். ராணியம்மாள் ஓரமாகப் போய்த் துப்பினாள். நான் நகரவில்லை. சேறு மெதுவாகப் பரவி, பலகைகளின் இடைவெளி வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. அதன் நடுவில் ஒரு இடம் மட்டும் குமிழ்விட்டு எழும்பி, அடங்கி, மறுபடியும் எழும்பியது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டேன். விரல்களுக்கு நடுவில் ஏதோ ஓர் உயிர் வழுக்கிக்கொண்டு திரும்பியது. குளிர்ச்சியாக இருந்தது.